மற்றும் மருமக்கள்

கதிரவேலர் வேறு எதை மறந்திருந்தாலும் பாலேஸ்வரி பொறுத்துக்கொண்டிருப்பாள். சாரத்தின் உள்பக்கம் வெளியே தெரிய உடுத்துக்கொண்டு ஒழுங்கை முகப்பு வரை போய் வந்தார், பொறுத்தாள். எந்தக் காலத்திலோ விற்றுவிட்ட பசுவுக்குப் புல்லுச் செருக்கப் போவதாகக் கத்தியோடு வெளிக்கிட்டார், அதையும் பொறுத்தாள். அரிசி வாளிக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு, வெங்காயத்துக்கு இறைத்தாயிற்று என்று நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அரிசியைப் பாயில் காயப்போட்டபடி கொஞ்சம் திட்டினாள், அவ்வளவுதான். ஆனால் மனிதர் கடைசியில் பகையை அல்லவா மறந்துவிட்டார்.

புத்தூரில் பிறந்து, புத்தூர் மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்துச் சீவித்த ஒரு மனிதர் அதை மறக்கலாமா? காணி அப்பன் தந்தது, பிள்ளை கடவுள் தந்தது; பகை ஒன்றுதான் மனிதன் தானாகச் சம்பாதித்தது. கூடப்பிறந்த தம்பி அருளம்பலத்தோடு இருபது வருசமாக முகம் பார்க்காமல் இருந்தவர், ஒரு காலை இரண்டு வீட்டுக்கும் நடுவேலியில் கட்டியிருந்த கிடுகு ஓலையை விலக்கி, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு உண்டாக்கி, அதற்குள்ளால் குனிந்து போய், தம்பி வீட்டு விறாந்தையில் கதிரை போட்டிருந்து இடியப்பமும் சொதியும் தின்றுகொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டு நின்றவள் அருளம்பலத்தின் பெண்சாதி உதயகலா. கோயிலில் அன்னதானம் போடுகிறவர்களுக்கு முகத்தில் ஒரு புண்ணியக் களை வருமே, அது அவள் முகத்தில் வழிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாலேஸ்வரி அதைப் பார்த்தாள்.

பகை என்றால் காணிப் பகை, கிணற்றுப் பங்குப் பகை என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். அவையெல்லாம் கோட்டில் வழக்குப் போட்டால் தீர்கிற சில்லறைப் பகை. இது கல்வெட்டுப் பகை. மாமியார் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வந்த சனத்துக்குச் சாப்பாட்டோடு கையில் கொடுத்த சின்னப் புத்தகம்தான் கல்வெட்டு. முன்பக்கத்தில் செத்தவரின் படம், பிறகு ஒரு தேவாரம், அதற்குப் பிறகு செத்தவரின் பெருமையும் பிள்ளைகள் மருமக்களின் புலம்பலும் பாட்டாக வரும். பாட்டுக் கட்டியவர் சுற்றுவட்டாரத்துச் செத்தவீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டைப் பெயர் மாற்றிக் கொடுக்கிற ஒரு புலவர். அச்சடிப்பித்தவன் அருளம்பலம். அதில் எட்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘மருமகள் உதயகலா மகள்போலத் தாங்கிநிற்க, மற்றும் மருமக்கள் மனம்நொந்து வாடிநிற்க.’

மாமியாருக்கு இருந்த மருமக்கள் இரண்டே பேர். ‘மற்றும் மருமக்கள்’ என்று பன்மையில் திரண்டு நின்று மனம்நொந்து வாடிய அந்தக் கூட்டம் முழுவதும் பாலேஸ்வரி ஒருத்திதான். மூன்று வருசம் படுக்கையில் கிடந்த மனுசியைத் தூக்கி இருத்தி, கழுவித் துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, கஞ்சியை மசித்துப் பருக்கியவள் அவள். உதயகலா பின்னேரத்தில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடியே மாமி எப்படி என்று கேட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள். மகள்போலத் தாங்கியவள் அவளாம்.

அன்றைக்குத்தான் கதிரவேலர் ஒரு காரியம் செய்தார். விரித்த வாழையிலைகளுக்கு முன்னால், சபை நடுவில் எழும்பி நின்று, அந்தப் புத்தகத்தை இரண்டாகக் கிழித்து எறிந்தார். “என்ரை மனிசியின்ரை பேர் இல்லாத புத்தகம் எனக்கு வேண்டாம். இனி உன்ரை முத்தத்திலை நான் கால் வைக்கமாட்டன்” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பாலேஸ்வரிக்கென்று அவர் செய்த காரியம் இந்த ஒன்றுதான். ஒரு சேலை பார்த்து வாங்கித் தந்தவரில்லை. கறி நல்லாயிருக்கிறது என்று வாய் தவறியும் சொன்னவரில்லை. கிழித்த அந்தக் கையைத்தான் அவள் இருபது வருசமாகத் தாலிக்கு மேலாக மதித்து வைத்திருந்தாள். இப்போது கிழித்தவருக்கே அது நினைவில்லை.

மறதிக்காரரை வைத்துப் பார்க்கிறவளுக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தில் கிளினிக்கில் இருந்த டொக்டர் பிள்ளை விழுங்கக் குளிசை எழுதித் தந்துவிட்டு, “அவரோடை வாதாடாதேங்கோ அம்மா. சொல்லுறதுக்கெல்லாம் ஓமெண்டு போங்கோ” என்றாள். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து ஓம் ஓம் என்று போனவளுக்கு இதைச் சொல்ல இந்தப் பிள்ளை இத்தனை வருசம் படித்திருக்கிறது என்று பாலேஸ்வரி நினைத்தாள். வவுனியாவில் வங்கியில் வேலை செய்யும் மகள் தர்சினி ஒரு லீவுக்கு வந்து, கொம்பியூட்டரில் கொட்டை எழுத்தில் அடித்த கடதாசிகளை வீடெல்லாம் ஒட்டிவிட்டுப் போனாள். சீனி. குளியலறை. லைற்றை நிற்பாட்டவும். கதிரவேலருக்கு எழுத்து மறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தார். ‘குளியலறை’ என்பதை இரண்டு தரம் வாசித்து, நல்ல எழுத்து என்று மெச்சிவிட்டு, வீட்டுக் கோடிப்பக்கம் போய் வேலியோரத்தில் சலம் போனார்.

அயலட்டைச் சனம் அதைவிடத் திறம். ஆளுக்கொரு பிடி வல்லாரைக் கீரையைக் கொண்டுவந்து நீட்டி, சம்பல் போட்டுக் குடு, ஞாபகம் திரும்பும் என்றார்கள். அவர் தின்ற வல்லாரையை அந்தப் பழைய பசுவுக்குப் போட்டிருந்தால் அது திருவாசகமே சொல்லியிருக்கும். வருகிறவன் எல்லாம் வாசற் படலையைத் திறந்த கையோடு, “கதிரவேலண்ணை, நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று சோதினை வைப்பான். நொண்டியை ஓடிக் காட்டச் சொல்லிக் கேட்கிற இனம். கதிரவேலர் விடுவாரா? “உம்மைத் தெரியாமல் என்ன? வீட்டிலை எல்லாரும் சுகமோ? மழையையும் காணேல்லை” என்பார். வந்தவன் வாயைப் பிளந்து, “ஆள் நல்லாத்தானே இருக்கிறார்” என்று பாலேஸ்வரியைக் குற்றவாளியைப் போலப் பார்த்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவான். சுகம் விசாரித்து மழையைக் குறை சொல்லத் தெரிந்தால் போதும், மூளையே இல்லாமல் இந்த ஊரில் நூறு வயது வரை மரியாதையாக வாழலாம் என்று அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் வேலிப் பொட்டு சிரிக்கிற விசயமில்லை. அவள் அடைக்க அடைக்க அவர் பிரித்தார். அங்கே போனவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் வழியில்லை. அந்த வீட்டைப் பார்த்து ஒரு சொல் சொன்னாலும் அது கதைத்ததாகிவிடும். முதலில் கதைத்தவர் தோற்றவர். அதற்குத்தான் நாய் இருந்தது. கதை பேச்சு இல்லாத இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு நாயோ ஆடோ இல்லாவிட்டால் ஒரு அலுவலும் நடக்காது. பாலேஸ்வரி வேலியடியில் வந்து நின்று, காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்து உரத்துச் சொல்வாள்.

“ரைகர், கண்ட கண்ட வீட்டிலை போய் நக்காதை. குளிசை போடவேணும், சோறு ஆறுது.”

சற்று நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், உதயகலா தன் ஆட்டுக்குக் குழை போட்டபடி அதோடு கதைப்பது கேட்கும்.

“கறுப்பி, நாங்கள் ஒருத்தரையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வரேல்லை. பசியோடை வந்த சீவனுக்கு ரெண்டு இடியப்பம் குடுத்தம். குளிசையைத் தந்துவிட்டால் நாங்களே குடுத்துவிடுவம்.”

“ரைகர், எங்கடை குளிசையை எங்களுக்குக் குடுக்கத் தெரியும். மகள்போலத் தாங்குறவை தாங்கினது காணும்.”

அதற்குப் பிறகு ஆடு மட்டும் கத்தும். அருளம்பலம் தமையனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து பொட்டடியில் விட்டுவிட்டு, பாலேஸ்வரியின் முகத்தைப் பாராமல் வானத்தைப் பார்த்தபடி திரும்பிப் போவான். கோழை என்று அவள் நினைப்பாள். கல்வெட்டுக் கொடுத்த அன்றும் அவன் வானத்தைப் பார்த்தவன்தான்.

தர்சினி போனில், “அம்மா, அப்பா சித்தப்பா வீட்டை போய் இருந்தால் இருக்கட்டுமே. உங்களுக்கும் ஒரு ஓய்வுதானே” என்றாள். “என்னை மற்றும் எண்டு போட்ட வீட்டாலை எனக்கு ஓய்வு வேண்டாம்” என்று சொல்லி பாலேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

ஒருநாள் அப்படித் திரும்பி வந்து, கையைக் கழுவிக்கொண்டு கதிரவேலர் கேட்டார்.

“இஞ்சாரும், தம்பி வீட்டை நீர் ஏன் வாறேல்லை?”

“அங்கை எங்களுக்குக் கதை பேச்சில்லை.”

“ஏன்?”

அவள் சொன்னாள். கல்வெட்டைச் சொன்னாள், எட்டாம் பக்கத்தைச் சொன்னாள், அவர் எழும்பி நின்றதையும் கிழித்ததையும் சொன்னாள். கிழித்த இடம் வந்தபோது அவளை அறியாமலே குரல் இளகியது. கதிரவேலர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, வெங்காயத்துக்கு அடிமாட்டு விலை கேட்ட வியாபாரியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

“இதுக்கோ?”

“இதுக்குத்தான்.”

“ஒரு பேர் விட்டுப்போச்செண்டோ? விசர்ச் சனங்கள்.” அவர் சிரித்தார். “மனிசிக்காக அந்த மனிசனும் சபையிலை நிண்டு கிழிச்செறிஞ்சிருக்கிறான், பாருமன்.” பிறகு ஏதோ யோசித்து, மரியாதையாகக் கேட்டார். “உம்மடை பேர் என்னெண்டு சொன்னனீர்?”

பாலேஸ்வரி குசினிக்குள் போய், எரியாத அடுப்பை ஊதிக்கொண்டு இருந்தாள். கண் கலங்கியதற்குப் புகையைச் சாட்டக்கூட முடியவில்லை.

அடுத்த நாளும் கேட்டார், அவளும் சொன்னாள், அவரும் இதுக்கோ என்றார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சொல்லச் சொல்ல அந்தக் கதை சவர்க்காரக் கட்டி போலத் தேய்ந்தது. ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெயர்தானே என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அது தோன்றியதை அவளால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபம் சிறுத்தால் அவர் கிழித்ததும் சிறுத்துவிடும். பிறகு அவளிடம் மிஞ்ச என்ன இருக்கிறது?

அதனால் கதைக்குச் சத்து ஏற்றினாள். சபையில் அருளம்பலம் அவரைப் பிடித்துத் தள்ளினான் என்றாள். கதிரவேலர் ஆச்சரியப்பட்டுவிட்டுப் பொட்டுக்குள்ளால் போனார். கிணற்றுப் பங்கைக் களவாக எழுதுவித்தான் என்றாள். அதற்கும் போனார். கடைசியில் ஒரு காலை, தேத்தண்ணியைக் கையில் கொடுத்தபடி சொன்னாள்.

“உங்கடை தம்பி உங்கடை அம்மாவுக்குக் கை நீட்டினவன். படுக்கையிலை கிடந்த மனிசியை அடிச்சவன்.”

சொல்லும்போது நாக்குக் கூசியது. அருளம்பலம் கோழை, கஞ்சன், பெண்சாதிக்குப் பயந்தவன். ஆனால் தாயை ஒரு சுடுசொல் சொன்னவனில்லை.

கதிரவேலர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “அம்மாவையோ?” என்றார். இன்னொருதரமும் அதையே கேட்டார். பிறகு வாயைக் கோணிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அன்றைக்கு முழுக்க அவர் வேலிப்பக்கம் போகவில்லை. பாலேஸ்வரி பொட்டை இறுக்கிக் கட்டினாள். வென்றுவிட்டதாகத்தான் நினைத்தாள்.

அடுத்த நாள் அவருக்கு அது நினைவில்லை. ஆகவே மறுபடி சொன்னாள், அவரும் முதல்தரம் கேட்பவர் போலவே அழுதார். விடிந்தால் ஒரு குளிசை, ஒரு தேத்தண்ணி, ஒரு கதை என்று அது வழக்கமாகிவிட்டது. மற்றவர்களுக்குத் தாயைப் பற்றிய துக்கம் ஒருதரம் வந்து ஆறிப்போகும். இந்த மனிதருடைய தாய் ஒவ்வொரு காலையும் புதிதாக அடிவாங்கினாள். பாலேஸ்வரி இதை யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு, பகை நிற்கிறதே என்று தேறிக்கொண்டாள். மாமியாருக்கு மூன்று வருசம் புண் கழுவியவளுக்கு, தான் இப்போது தினமும் ஒரு புண்ணைக் கிண்டுவது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் செய்தாள்.

கொஞ்ச நாளில் அவருக்கு நித்திரை கெட்டது. சோறு பாதியில் மிஞ்சியது. அவள் தேத்தண்ணியோடு கிட்ட வந்தாலே கை தானாக முகத்துக்கு முன்னால் உயர்ந்தது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதே டொக்டர் பிள்ளை அவரையும் பார்த்து இவளையும் பார்த்தாள்.

“வீட்டிலை ஆராவது இவரை ஏசுறவையோ அம்மா?”

“ஆர் ஏசுறது? நானும் நாயும்தான் இருக்கிறம்.”

“நடந்தது இவருக்கு மறந்துபோகும். பட்ட கவலை மறக்காது. ஏன் கவலைப்படுறன் எண்டு தெரியாமலே அது உள்ளுக்கை கிடக்கும்.”

கவலை கிடக்குமாம், பெண்சாதியின் பெயர் மட்டும் கிடக்காதாம் என்று பஸ் புத்தூர்ச் சந்தியில் நிற்கும் வரை அந்தப் பிள்ளையை மனதுக்குள் பழித்துக்கொண்டு வந்தாள். ஆனால் அடுத்த நாள் காலை வாயெடுத்தவள், அவருடைய கை உயர்வதைக் கண்டு அந்தக் கதையை விட்டுவிட்டாள். வெட்கமாக இருந்தது.

விட்டும் பயனில்லை. அவர் தேத்தண்ணியை வாங்கி, அவள் முகத்தைப் பாராமல், வானத்தைப் பார்த்தபடி குடித்தார். “பாணுக்குச் சம்பல் வைக்கட்டோ?” என்று கேட்டாள். “காது கேக்கேல்லையோ?” என்றாள். அதற்கும் வானம்தான். அன்றைக்கும் மறுநாளும் அவர் அவளோடு வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பினால், கதிரையில் ஆள் இல்லை. வேலியில் கிடுகு விலகியிருந்தது.

குளிசையைக் கையில் எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள். அந்தப் பக்க விறாந்தையில் அருளம்பலத்தின் குரல் கேட்டது.

“சாப்பிட்டிட்டு வீட்டை போவம் அண்ணை. மச்சாள் தேடுவா.”

“அங்கை போகேலாது தம்பி.”

“ஏன்?”

“அங்கை ஒரு மனிசி இருக்குது. நேரத்துக்குச் சோறு தருது, குறை சொல்லேலாது. ஆனால் எங்களுக்கை கதை பேச்சில்லை.”

“என்ன நடந்தது அண்ணை?”

கதிரவேலர் நெடுநேரம் யோசித்தார்.

“ஞாபகமில்லை. ஆனால் ஏதோ பெரிசா நடந்திருக்கவேணும். சின்ன விசயத்துக்கு மனிசர் கதையாமல் இருப்பினமோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. உதயகலா சிரித்திருந்தால் பாலேஸ்வரிக்கு நல்லதாயிருந்திருக்கும். வெறுக்க ஒரு ஆள் கிடைத்திருக்கும். இருபது வருசமாகப் பகையைப் பிள்ளை போல வளர்த்தவள் அவள். அதை அவர் எங்கேயோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தொலைக்கவில்லை, அவள் பக்கமே திருப்பி வைத்திருக்கிறார். அவருக்குக் காரணம் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ரைகர் என்று வாயெடுத்தாள். காலடியில் நாய் இல்லை. அது முந்தியே பொட்டுக்குள்ளால் போய், அங்கே அவருடைய கதிரைக்குக் கீழே படுத்திருந்தது. நன்றி கெட்ட சாதி.

பாலேஸ்வரி குளிசையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கிடுகு கொண்டையைப் பிடித்து இழுத்தது. நிமிர்ந்தபோது அந்த முற்றத்தில் நின்றாள். உதயகலா கையில் அகப்பையோடு திகைத்துப்போய் நின்றாள். கிட்டப் பார்த்தால் அவளும் கிழண்டு போயிருந்தாள். முகத்தில் பவுடர் இல்லை.

“உதயகலா” என்றாள் பாலேஸ்வரி. “இந்தக் குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு குடுக்கவேணும். முழுசா விழுங்கமாட்டார், உடைச்சுக் குடு.”

தோற்றாயிற்று. உதயகலா குளிசையை வாங்கி முந்தானையில் முடிந்தாள். “இருங்கோ அக்கா” என்று ஒரு கதிரையை இழுத்து வைத்தாள். கதிரவேலர் தன் கதிரையை மெல்லத் திருப்பி, வந்தவளுக்கு முதுகைக் காட்டினார்.

“ஆர் அது?” என்று தம்பியிடம் இரகசியமாகக் கேட்டார்.

அருளம்பலம் இந்தமுறை வானத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தான். “பாலேஸ்வரி மச்சாள். அம்மாவைப் பாத்தவ. கடைசி மட்டும் அவதான் பாத்தவ.”

இதை அன்றைக்கே ஒரு வரியில் அச்சடித்திருந்தால் உனக்கு என்ன கேடு வந்திருக்கும் என்று பாலேஸ்வரி நினைத்தாள். இத்தனை காலம் அவள் காத்திருந்த சொல்லை, இந்த முதுகுக்குப் பின்னால் இருந்துதான் கேட்க வாய்த்தது. உதயகலா ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு அவள் முன்னால் வைத்தாள். அவள் தொடவில்லை.

கதிரவேலர் குனிந்து, கதிரைக்குக் கீழே கிடந்த நாயைப் பார்த்துச் சொன்னார்.

“ரைகர், அம்மாவைப் பாத்த மனிசியாம். பசியோடை இருக்காமல் சாப்பிடச் சொல்லு.”

பாலேஸ்வரி தட்டைக் கிட்ட இழுத்தாள்.

“சாப்பிடுறன் எண்டு சொல்லு, ரைகர்” என்றாள்.

நாய் வாலை ஒருதரம் ஆட்டியது. அவள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். கறிக்கு உப்புக் காணாது. அதை அவள் நாயிடம்கூடச் சொல்லவில்லை.